இல்லாத பெரியம்மா

புதிதாகப் பழகுகிறவர்கள் 'கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?' என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் கால் பரபரக்கும். எழுந்து போய்விடலாமா என்றிருக்கும். 'என்னோடு சேர்த்து எட்டு' என்று சொன்னால் போதும், முதலில் ஒரு சிரிப்பு வரும், பின்னாலேயே ஒரு கருத்து வரும். எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஒரு ஆளை நான் வடசென்னையில் பார்த்ததில்லை.

ஆறாவது பிரசவத்தில் நர்ஸ் அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் பிள்ளையைக் கையில் கொடுத்தாராம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் 'இன்னா, ஸ்கூல் டூரா?' என்பார். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினார். அவருடைய தோஸ்துகள் 'இன்னா மாமு, உன் வூட்ல டிவி கீதா இல்லியா?' என்று கேட்பார்கள். 'கீது மாமு, ரிமோட்டதான் புள்ளைங்க குடுக்க மாட்டேங்குது' என்று அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார். அம்மா சிரிக்க மாட்டாள். ஆண் பிள்ளைக்காக வரிசையாகப் பெற்றார்கள் என்று சொல்லவும் வழியில்லை, முதலாவதே அண்ணன். பெண்ணுக்காக என்றால் இரண்டாவதே அக்கா. காரணம் எதுவும் பொருந்தி வராததால் ஜனங்களுக்கு எங்கள் மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ராயபுரத்தில் நாங்கள் இருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவோ எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் வரிசையில் நாள் கணக்கில் நின்றுகொண்டிருப்பார். அம்மாதான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை வீடு தேடி அலைந்தாள். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி, எத்தனை பேர். எட்டுப் பிள்ளைகள் என்றதும் வீட்டுக்காரரின் கண் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து செப்டிக் டேங்க் மூடிக்கு வரும், கடைசியில் எங்கள் மேல் வந்து நிற்கும். 'வூடு இல்லம்மா, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வராங்க' என்பார். அந்த மாதம் மட்டும் வடசென்னைக்கு எத்தனை சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்களோ தெரியாது. இடிக்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். இனி ஒரு வீடு கிடைக்காவிட்டால் சாமான் தெருவில்தான் என்ற நிலைமை.

அப்போதுதான் அம்மா அந்த யோசனையைச் சொன்னாள். திருவொற்றியூரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஹை ரோட்டில் மளிகைக் கடை. அம்மா அவர்களிடம் தனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எந்த மூன்று என்பதில்தான் அவள் புத்திசாலித்தனம். பொய் சொல்லத் தெரியாதவர்களை எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தை பேசாது. மூன்று வயதுத் தம்பியை நம்ப முடியாது. பெரியண்ணனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். நடுவில் மிச்சமிருந்த நாங்கள் ஐந்து பேரும் நன்றாகப் பொய் சொல்லக்கூடியவர்கள் என்று அவள் முடிவு செய்ததில் எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

கொஞ்ச நாள் எங்களை எர்ணாவூரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் விட்டுவைத்தார்கள். பெரிய லீவு விட்டதும் பையும் கையுமாகத் திருவொற்றியூர் வந்து சேர்ந்தோம். நாங்கள் அம்மாவின் அக்கா பிள்ளைகள், லீவுக்கு வந்திருக்கிறோம். அம்மாவை 'சித்தி' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறினால் வீடு போய்விடும். அம்மாவுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. அவள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். எங்களுக்கு ஒரே நாளில் ஒரு பெரியம்மா உண்டாகிவிட்டாள்.

லீவு முடிந்தும் நாங்கள் போகவில்லை. வீட்டுக்காரம்மா கேட்டார். பெரியப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், பெரியம்மா பெங்களூரில் எங்கோ வேலை செய்கிறாள் என்று அம்மா சொன்னாள். நான் மாடிப்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தன் பிள்ள மூணு, அடுத்தவ பிள்ள அஞ்சு. இத யாரு செய்வா? உன்னய மாதிரி மனசு எனக்கு வராது" என்றார். இருக்கச் சொல்லிவிட்டார். அதே எட்டுப் பேர், அதே தண்ணீர், அதே செப்டிக் டேங்க். பெற்றவளுக்குக் கிடைக்காத வீடு வளர்ப்பவளுக்குக் கிடைத்துவிட்டது.

தெருவிலும் அப்படித்தான். ராயபுரத்தில் தண்ணி லாரி வரிசையில் அம்மாவைப் பார்த்து முணுமுணுப்பார்கள். இங்கே குடத்தை வாங்கி முன்னால் வைத்தார்கள். எங்கள் அம்மா நல்லவளாகிவிட்டாள். திட்டெல்லாம் பெரியம்மாவுக்குப் போனது. வளர்க்க வக்கில்லாதவள், வெட்கங்கெட்டவள், நாய் குட்டி போடுகிற மாதிரிப் போட்டுவிட்டுப் போனவள். வீட்டுக்காரம்மா தினமும் ஒரு பாட்டம் திட்டுவார். அம்மா கேட்டுக்கொண்டு 'ஆமாங்கக்கா, அவ அப்டித்தான்' என்று தலையாட்ட வேண்டும். ஆரம்பத்தில் மேலே வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியாது. 'அம்மா' என்ற வார்த்தை சுடுசோறு மாதிரி வாயிலேயே இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாடியில் பேசினால் கீழே கேட்கும் என்பதால் வீட்டுக்குள்ளும் சித்திதான். தம்பி மட்டும் நாள் முழுக்க 'எம்மா, எம்மா' என்று கத்திக்கொண்டிருப்பான், அவனைக் கிள்ளி வைக்கலாம் போல வரும். ஒரு தரம் படியில் கால் இடறி 'அம்மா!' என்று அலறிவிட்டேன். உயிரே போய்விட்டது. வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "பாவம், பெத்தவளத் தேடுது பாரு" என்று முறுக்கு கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே பெரியம்மாவின் மேல் எனக்கும் கோபம் வந்தது. இல்லாதவள்தான், இருந்தாலும் கோபம் வந்தது.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போவதையும் வருவதையும் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள சாகக் கெடக்கு, பெத்தவ ஒரு போனு போட்டாளா? அவ நம்பரக் குடு. நான் கேக்கேன்" என்றார். போன் கெட்டுவிட்டது, நம்பர் மாறிவிட்டது என்று அம்மா சமாளித்துப் பார்த்தாள். கடைக்கார ஐயா கணக்குப் போடுகிற ஆள். "அப்படி ஒரு அக்கா இருக்காளா, இல்லையா?" என்று ஒரு நாள் மனைவியிடம் எங்கள் காதில் விழும்படியே கேட்டார். அன்று அம்மா சாதம் வடிக்க மறந்து குழைய விட்டுவிட்டாள்.

அப்பா ஒரு புது சிம் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அக்காவுக்கு ஓய்வு, அப்போது பேசுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு, அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள் போலக் கிளம்பினாள். போனது கடலோரப் பாறைக்கு. கீழ் வீட்டுக் கூடத்தில் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னையும் தங்கையையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டுக்காரம்மா போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அலோ, ஆரு?" என்றது ஒரு குரல். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சளி பிடித்த மாதிரி. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாள். இது ராயபுரத்துக் குரல், தண்ணிச் சண்டைக் குரல். நானே ஒரு நொடி ஏமாந்துபோனேன்.

"ஏம்மா, நான் உன் தங்கச்சி குடியிருக்க வீட்டுக்காரி பேசுதேன். அஞ்சு பிள்ளயப் பெத்து அவ தலையில கட்டிட்டு நீ அங்க சொகமா இருக்க. உனக்கு மனசாட்சி இருக்கா? வளக்க முடியாதவ எதுக்குட்டி பெத்த?"

 அலைச் சத்தம் வண்டி இரைச்சல் மாதிரிக் கேட்டது, ஏதோ லாரியின் ஹாரனும் கேட்டது. பிறகு அம்மா பேசினாள்.

"இன்னும் எத்தினி பேரு இத்தயே கேப்பீங்கக்கா? ஆஸ்பத்திரில கேட்டாங்க, பஸ்ல கேட்டாங்க, வூடு பாக்கப் போன எடத்துல கேட்டாங்க. எம் மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் கேக்கத் தோணுது. சாப்டியான்னு ஒருத்தர் கேட்டாங்களா? நான் ஒண்டியா வளந்தவக்கா. வெளாட ஆள் கெடையாது, அடிச்சிக்க ஆள் கெடையாது. கூடப் பொறந்ததுன்னு ஒண்ணுகூட..."

ஐயா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"...ஒரே ஒரு தங்கச்சி. அதுவும் எவ்ளோ வருசம் கழிச்சிப் பொறந்துச்சு" என்று அம்மா சமாளித்தாள். "வூடு நெறயப் புள்ளைங்க வேணும்னு ஆசப்பட்டேன், பெத்தேன். ஒண்ணயும் வேணாம்னு நெனச்சிப் பெக்கல. ஒவ்வொண்ணும் எனக்கு வோணும். அதுங்கள எம் புள்ளைங்கன்னு சொல்லிக்க முடியாம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க திட்டுங்கக்கா. நல்லாத் திட்டுங்க."

குரல் உடைந்துவிட்டது. என்னமாய் நடிக்கிறாள் என்று நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரம்மா போனை என் வாயருகே நீட்டினார். "இந்தா, உன் பிள்ள இருக்கா, பேசு. பேசு மக்கா, உங்க அம்மா."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல அனுமதி கிடைத்திருந்தது. சத்தமாகவே சொல்லலாம். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுவது கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"சித்தி" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் வந்தது.

வீட்டுக்காரம்மா போனைப் பிடுங்கி, "கேட்டியா? பெத்தவள சித்திங்குது. உன் குரலே பிள்ளைக்கு மறந்துபோச்சு, பாவி" என்றார். போன் கட்டாகிவிட்டது. ஐயா எழுந்து சட்டையை மாட்டினார். சொல்லிக்கொடுத்த பிள்ளை என்றால் 'அம்மா' என்றல்லவா சொல்லியிருக்கும், அவருக்கு இருந்த சந்தேகம் அதோடு போயிற்று. தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் நாம்தான் காரியத்தை முடித்தோம் என்று புரிந்து உச்சி குளிர்ந்துபோனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். கூடையில் ஒரு காயும் இல்லை. கேட்டிலேயே வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டு, "உங்க அக்காள நல்லாக் கேட்டுட்டேன்" என்று ஆரம்பித்தார். அம்மா தலையாட்டவில்லை. நேராக வந்து என் கையைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது.

"அக்கா, இது எம் புள்ள. நான் பெத்தது. அஞ்சும் நான் பெத்ததுதான். எட்டும் எம் வயித்துல பொறந்ததுங்க. எனக்கு அக்காவே கெடையாது" என்றாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சாமான்கள் தெருவில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவின் கையைக் கிள்ளினேன். அவள் விடவில்லை.

வீட்டுக்காரம்மா அம்மாவை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். "இல்லாமப் போட்டும் தாயி! அப்படிப்பட்ட அக்கா உனக்கு எதுக்கு? இன்னையோட தலைமுழுகு" என்று அழுதார்.

"இல்லக்கா, நெசமாத்தான் சொல்றேன்..."

"நெசந்தாம்ட்டி. பெத்தாத்தான் பிள்ளையா? ஏ மக்கா, இனிமே இவள அம்மான்னே கூப்பிடணும், அஞ்சு பேரும். சித்தின்னு இன்னொரு தடவ காதுல விழுந்துச்சு, தோல உரிச்சிருவேன்."

தெருவில் நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளை முதல் மோட்டாரை இன்னொரு வேளை போட்டு விடுவதாகச் சொன்னார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கீழே கேட்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் கீழே எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதில் குனிந்து, "எம்மா, நல்ல வேள, அவங்க நம்பல. வூடுதான் போவலியே, இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டேன். வீடும் தங்கியது, தண்ணீர் இன்னொரு வேளை வரப்போகிறது, அம்மாவை அம்மா என்று கூப்பிடலாம் என்று வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டார். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவே இல்லை.