பத்தாங் வீட்டுக் குளியலறைச் சுவர்

1. காலையில் வந்த செய்தி

“அக்கா, பாத்ரூம் பைப்புல கை வச்சா சுருக்குன்னு இருக்கு. நேத்தும் இருந்துச்சு. வந்து பாக்குறீங்களா?”

என் முதல் வீட்டை வாடகைக்கு விட்டு எட்டாவது மாதத்தில் வந்த வாட்ஸப் செய்தி இது. அனுப்பியவள் அங்கே குடியிருந்த கவிதா. அவள் கணவன் சுரேஸ், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சுருக் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பாதி தெரியும். “பைப்பைத் தொடாதே, குளியலறைக்கே போகாதே, இதோ வருகிறேன்” என்று பதில் போட்டேன்.

2. கேட்காமல் விட்ட கேள்வி

ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்க்கும் கியூசி பிரிவில் இருந்தேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்போம். ஒழுகினால் அதோடு வந்த மொத்த லாட்டையே நிறுத்திவைப்பேன். சூப்பர்வைசர் கத்தினாலும் விட மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஓய்வு பெற்றதும் சேமிப்பை எடுத்து, பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு தாமான் குடியிருப்பில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடமாகிறது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங்தான். குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இருந்தால் ஆள் சீக்கிரம் வரும் என்றார்கள். தெரிந்த தம்பி ஒருவன் வயரிங் செய்வான், லைசென்ஸ் கிடையாது, கூலி குறைவு. “நான் பாத்துக்கறேன்லா அக்கா” என்றான். நானும் விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து ஹீட்டரைத் தட்டினால் வீடு முழுக்கக் கரண்ட் ட்ரிப் ஆகிப் போனது. மறுபடி போட்டோம், மறுபடி போனது. அடுத்த நாள் சுரேசும் கவிதாவும் வீடு பார்க்க வருகிறார்கள். “என்ன பண்ணுவியோ தெரியாது, நாளைக்கு ட்ரிப் ஆகக் கூடாது” என்றேன். அரை மணி நேரத்தில் ட்ரிப் நின்றுவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் செலவு வரும்.

3. சுத்தியலும் மாமியாரும்

கோலா சிலாங்கூரிலிருந்து செல்வம் என்ற லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் மின்பெட்டியைத் திறந்தார். முகம் மாறியது. மெயின் சுவிட்சை இறக்கினார்.

“யாருக்கா இந்த வேலய செஞ்சது? கசிவு வந்தா கட் பண்ற பிரேக்கர விட்டுட்டு நேரா வயர் இழுத்திருக்கான். எர்த்தும் இல்ல. ஈரக் கையோட பிடிச்சா ஆளு போயிடும். உள்ள எங்கயோ ஜாயின்ட் போட்டிருக்கான், சுவர உடைச்சுதான் பாக்கணும். இன்னைக்கே உடைக்கணும்.”

அவர் சுத்தியலை எடுத்ததும் சுரேசின் அம்மா குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மருமகளைப் பார்த்துக்கொள்ள ராசா என்ற ஊரிலிருந்து வந்திருந்தவர்.

“மாசமா இருக்கற புள்ள இருக்கற வீட்டுல நாங்க ஆணிகூட அடிக்க மாட்டோம். சுவர உடைக்கறதா? ரெண்டு போயிடுச்சு தங்கச்சி. இதுவும் போவணுமா?”

நான் வளர்ந்த தோட்டத்து லயத்திலும் அதே வழக்கம்தான். என் மகன் வயிற்றில் இருந்தபோது காலண்டர் மாட்டக்கூட நான் ஆணி அடிக்க விடவில்லை.

சுரேஸ் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டான். “புள்ள பொறக்கட்டும் அண்ணே. அதுவரைக்கும் ஹீட்டர் வேணாம், அந்த பைப்பையும் தொடல. இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலயே.”

“ஹீட்டர் மட்டும் இல்லப்பா. வாஷிங் மெஷின், ஐஸ் பெட்டி எது கசிஞ்சாலும் கட் ஆகாது” என்றார் செல்வம்.

சுரேஸ் காதில் வாங்கவில்லை. கரண்டை மறுபடி போட, மின்பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சில் கை வைத்தான். கவிதா அடுப்படியில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சுரேஸ், கைய எடு” என்றேன். “இது பழைய வீட்டுக் கோளாறு இல்ல. நான்தான் இப்படிப் பண்ண வச்சேன். கரண்ட் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நீங்க வீடு பாக்க வரப்ப விழக் கூடாதுன்னு சொல்லி நிறுத்த வச்சேன்.”

சுரேஸ் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

“அப்ப நாங்க குடி வரப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டாள் கவிதா.

“கோளாறு இருக்குன்னு தெரியும். உயிருக்கு ஆபத்துன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் பாக்கல.”

அவள் என்னைத் திட்டவில்லை. மாமியாரிடம் திரும்பினாள். “அத்தே, ஒம்பதாம் மாசம் போடலாம்னு இருந்த வளையல இன்னைக்கே போட்டு என்னை எங்கப்பா வீட்டுக்கு அனுப்பிடுங்க. நான் இல்லாத வீட்ட இவங்க உடைச்சிக்கட்டும்.”

மாமியார் அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்தார். மூன்று மணிக்கு மேல் என்றார்.

4. வாசலில் நின்றது

ஓடிப்போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். கரண்ட் இல்லாமல் காத்தாடி ஓடாத கூடத்தில் வியர்க்க வியர்க்க வளைகாப்பு நடந்தது. என்னை வளையல் போடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன், அவ்வளவு வெட்கமாக இருந்தது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவிதாவும் மாமியாரும் ஏறிய கார் முச்சந்தி திரும்பும்வரை செல்வம் சுத்தியலைத் தூக்கவில்லை.

மூன்றாவது அடியில் பூச்சு விழுந்தது. உள்ளே, இரண்டு வயரை முறுக்கி பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் போட்டிருந்தான் அந்தத் தம்பி. பை உருகிக் கருகிப்போயிருந்தது. சுற்றிலும் சுவர் ஈரம்.

செல்வம் வெட்டி எடுத்த துண்டைச் சுரேஸ் கையில் வாங்கிப் பார்த்தான். குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

“அக்கா, நீங்க ஒரு தடவயாவது இந்த பாத்ரூம்ல குளிச்சிருக்கீங்களா?”

“இல்ல” என்றேன்.

5. இப்போது

கவிதாவுக்குப் பெண் குழந்தை. குழந்தையோடு அந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். வயரிங் முழுக்க மாற்றியிருந்தோம். இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டுச் சொந்த வீடு வாங்கிப் போனார்கள். கவிதா என்னோடு நன்றாகப் பேசுவாள். சுரேஸ் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அது நியாயம்தான்.

இப்போது என்னிடம் மூன்று வீடுகள். வாடகைக்கு வீடு வாங்க நினைக்கும் இளையவர்கள் எந்த இடம் நல்லது, பேங்க் லோன் எப்படி, அக்ரிமெண்டில் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு நான் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். ஏஜெண்ட் பையன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

கையெழுத்து இருந்தும் ஹீட்டரைத் தட்டும்போது இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு கொட்டும் தண்ணீரில் நின்று, தலை நனையக் குளித்துவிட்டு வந்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறேன்.