பொத்தானை மாற்றிப் போட்டவன் பாட்டு

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில், எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவில் இன்ஷிராஹ் பதினெட்டு வருஷம் பின்பாட்டுப் பாடினாள். முன்னால் நிற்பவர் பாடும் வரியைத் திருப்பிப் பாடுவது, அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் நான் அக்கார்டியன் வாசிப்பேன்.

அவள் கணவர் ஃபிக்ரி டிராம் கண்டக்டர். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, தானே எழுதிய பாட்டோடு ஒத்திகைக்கு வந்தாள். குழுத் தலைவர் முக்தார் முன்னால் மேசையைத் தட்டிப் பாடிக் காட்டினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் வருகிறான். 'கண்ணை என் ஜன்னலில் வைத்துவிட்டுக் கையை மட்டும் சட்டைக்கு அனுப்பினாயா?' என்று மாடியிலிருந்து ஒருத்தி கேட்கிறாள். துள்ளலான தாளம். நான் சிரித்துவிட்டேன்.

முக்தார் சிரிக்கவில்லை. "புருஷனைப் பறிகொடுத்தவ பாடுற பாட்டா இது? வேகத்தைக் குறை. நடுவுல கொஞ்சம் விம்மு. ஜனம் உருகிடும்."

"விம்முறதெல்லாம் வீட்டுல விம்மியாச்சுண்ணா. அந்த மனுஷன் என்னைச் சிரிக்க வச்சுத்தான் கட்டிக்கிட்டாரு."

"அப்ப பாடாதே."

"பாடத்தான் போறேன்."

ஃபிக்ரியின் தம்பி ஷவ்கி, கறிக்கடைக்காரர், விஷயம் கேள்விப்பட்டு அவள் வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க அண்ணன் பேரு சந்தி சிரிக்கணுமா அண்ணி?"

"பாட்டுல உங்க அண்ணன் பேரே இல்லையே தம்பி. பொத்தான் மட்டும்தான் இருக்கு."

உண்மையான தடை அவள் தொண்டையில் இருந்தது. இன்னொருவர் முடிக்கக் காத்திருந்தே பழகிய குரல்; தனியாகப் பாடும்போதும் ஒவ்வொரு வரியையும் அரைத் தட்டு தாமதமாகவே எடுத்தாள். மதியந்தோறும் என் வீட்டுக்கு வந்து காலைத் தரையில் உதைத்து உதைத்துப் பாடினாள். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். அவள் விடவில்லை. நான்கு மாதமாயிற்று.

ரொட்டிக் கடைக்காரர் மகள் கல்யாணத்தில், பாடகர் சாப்பிட எழுந்த நேரத்தில் அவள் மைக்கைப் பிடித்தாள். வேண்டாமென்று முக்தார் கையை ஆட்டினார். நான் அக்கார்டியனை விரித்தேன். முதல் வரியை மிகச் சரியாகத் தாளத்தில் எடுத்தாள்.

முன்வரிசையிலிருந்து ஷவ்கி எழுந்து வெளியேறினார். அவள் பார்த்தாள், குரல் இறங்கவில்லை. ஷவ்கியின் மனைவி அஃபாஃப் மட்டும் போகாமல் தோள் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஆட வந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். மணப்பெண் மூன்று முறை பாடச் சொன்னாள்.

"அடுத்த கல்யாணத்துலயும் பாடு," என்றார் முக்தார். "ஆனா கொஞ்சம் மெதுவா."

"இன்னும் வேகமா பாடுவேன்."

ஷவ்கி இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. கறி வாங்க அவள் அடுத்த தெருவுக்கு நடந்தாள். அந்தப் பாட்டு வானொலியில் வந்ததேயில்லை. ஆனால் எங்களை அழைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்தம்மா வருவாங்கல்ல?" என்பதுதான்.