வெர்டியின் அறுநூறு டாலர்

லுவீனியா ஸ்டோக்ஸ் தன் தோழி வெர்டி கிரிம்ஸுக்கு அறுநூறு டாலர் கடன்பட்டிருந்தாள். கடைக்கு முதன்முதலாக மீன் பொரிக்கும் அடுப்பு வாங்கக் கைநீட்டி வாங்கிய பணம். முப்பது வருஷம் ஆகிவிட்டது, திருப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த அறுநூறு எந்த மூலையில் கிடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

பெருமை என்றால் சாதாரணப் பெருமையா? மிசிசிப்பியில் ஏழாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுப் பருத்திக்காட்டில் குனிந்தவள். ஒரே ஒரு பையோடு மெம்ஃபிஸுக்கு பஸ் ஏறி வந்தவள். இன்றைக்குத் தெற்கு மெம்ஃபிஸில் வெள்ளிக்கிழமை மத்தியானம் லுவீனியா கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, காலேஜ் படித்தவர்கள் யாராவது தங்கள் சாமர்த்தியத்தைப் பேசட்டும். சோளமாவில் புரட்டிய கெளுத்தி, ஸ்பகெட்டி, இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, மேலே காரச் சாறு. போதகர் கூட வரிசையில்தான் நிற்பார்.

புத்தகம் படிக்க ஆரம்பித்தது ஐம்பது வயதுக்கு மேல். புருஷன் போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. கடைக்கு வந்த ஒருத்தி காரின் டிக்கியைத் திறந்து தானே எழுதி, தானே அச்சடித்த நாவலைக் காட்டினாள். பாவம் என்று ஒன்று வாங்கினாள் லுவீனியா. வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, ஒரு மாதம் படித்தாள். முடித்ததும் இன்னொன்று கேட்டு அவளைத் தேடிப் போனாள். அன்றிலிருந்து விட்டதில்லை.

ஃபேஸ்புக்கில் 'அக்கா தங்கைகளின் அலமாரி' என்ற குழுவைத் தொடங்கியதும் அவள்தான். வேறு குழுக்களுக்கும் போய்ப் பார்த்திருந்தாள். அங்கே நம் ஜனங்கள் எழுதிய கதையைப் பற்றி வாயைத் திறந்தால், "இந்த அம்மா ஏன் பிள்ளையை அப்படி அதட்டுகிறாள், சர்ச்சில் ஏன் இவ்வளவு நேரம்" என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சொல்லியே வாய் வலிக்கும். அதனால் இது நம் வீட்டுக் கூடம். கறுப்புப் பெண்கள் எழுதியதைக் கறுப்புப் பெண்கள் படித்துப் பேசும் இடம். லுவீனியாவுக்குத் தட்டெழுத வராது. கடை திறக்கும் முன் ஃபோனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, ஏப்ரனோடு நின்று பேசி வீடியோ போடுவாள். "என் பிள்ளைகளா!" என்று அவள் ஆரம்பித்தால் பர்மிங்காம் முதல் டெட்ராய்ட் வரை ஆயிரக்கணக்கில் இதயக் குறி விழும். மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கடையிலிருந்தே நேரலையும் உண்டு.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு, அதையும் அவளே போட்டாள். ஒரு புத்தகத்தைத் திட்டி எழுதினால் எழுதியவளின் பெயரைக் கோத்து டேக் பண்ணி அங்கே இழுக்கக் கூடாது. "அந்தப் பொண்ணு கைக்காசு போட்டு அச்சடிச்சு, கார் டிக்கியில வச்சு வித்துக்கிட்டு இருக்கா. நம்ம வீட்டுக்குள்ள ஆயிரம் பேசுவோம். அவ காதுல போய்க் கத்தக் கூடாது." அந்த வீடியோவுக்கு விழுந்த ஆமென்களுக்கு அளவில்லை.

இப்படி ராணி மாதிரி இருந்தவள், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள். வெர்டியைக் குழுவில் சேர்த்துவிட்டாள்.

வெர்டி தபால் ஆபீஸில் ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவள். ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு. ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை என்று முனகியதால், லுவீனியாவே அவள் ஃபோனை வாங்கி இணைத்துவிட்டாள். முதல் வாரமே வெர்டி ஒரு நாவலைப் பற்றி நாலு பத்தி எழுதினாள். மறுநாள் காலை லுவீனியாவின் அண்ணன் மகள் ட்ரினா கல்லாவில் நின்றபடி ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தே, வெர்டி ஆன்ட்டி எழுதினதப் பாத்தியா? உன் வீடியோவை விட அதுக்கு ஹார்ட் ஜாஸ்தி."

"புதுசா வந்தவ. பாவப்பட்டுப் போட்டிருப்பாங்க. நீ கோஸ் சாலட்டை எடுத்து வை."

பாவம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் இன்னும் கூடியது. "வெர்டியக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுத்தான் நான் புத்தகமே வாங்குறேன்" என்று பர்மிங்காம் கிளாரிஸ் எழுதினாள். அந்தக் கிளாரிஸ் குழு தொடங்கிய நாளிலிருந்து லுவீனியாவின் ஆள்! லுவீனியா வீடியோவில் குரலை உயர்த்தினாள். புதுத் தொப்பி போட்டாள். ஒரு தடவை பாட்டும் பாடினாள். அதன் கீழேயே யாரோ, "இதப் பத்தி வெர்டியக்கா கருத்து என்ன?" என்று கேட்டிருந்தாள். எண்ணெய் கொதித்தது சட்டியில் மட்டுமல்ல.

அவளுக்கு வெர்டிமேல் இந்த எரிச்சல் புதிதல்ல. கடை ஓடத் தொடங்கிய வருஷமே கையில் அறுநூறு இருந்தது. கொடுக்கப் போனபோது வெர்டி வீட்டு வாசலில் புத்தம்புது நீலக் கார் நின்றது. 'இவளுக்கு எதற்கு என் பணம்?' என்று அப்படியே திரும்பிவிட்டாள். அப்புறம் கேட்கட்டும், கொடுப்போம் என்று இருந்தாள். வெர்டி கேட்கவே இல்லை. கேட்காத கடன், வருஷம் ஆக ஆக, வாங்காத கடன் மாதிரி ஆகிவிடுகிறது. "யார்கிட்டயும் ஒரு சென்ட் வாங்காம இந்தக் கடையை எழுப்பினேன்" என்று லுவீனியா வீடியோவில் சொன்னபோது அவளுக்கே அது முழு உண்மையாகத்தான் பட்டது.

அந்த மாதம் குழு எடுத்த புத்தகம் கியோஷா பிளெட்சோ எழுதியது. மெம்ஃபிஸ் பெண், முப்பது வயது இருக்கும். அழகு நிலையம் வைத்து முன்னுக்கு வரும் ஒருத்தியின் கதை. வெர்டி எழுதினாள்:

"கதை நல்லா ஓடுது. ஒரு இடத்துல மட்டும் எனக்கு இடிச்சுது. அவளுக்கு முதல் நாற்காலி வாங்கப் பணம் குடுத்த சிநேகிதி மூணாம் அத்தியாயத்துக்கு அப்புறம் காணாமப் போயிடுறா. கதாநாயகி மறந்தா சரி, ஜெயிக்கிறவங்க மறப்பாங்க. எழுதினவளும் மறந்துட்டாளே. குடுத்தவ மறக்க மாட்டா."

லுவீனியா இதை வெங்காயம் நறுக்கும் இடத்தில் நின்று ஒரு தரம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள். காது மடல் சுட்டது. "என்னைத்தான்" என்றாள் சத்தமாக.

"என்ன அத்தே?"

"ஒண்ணுமில்ல. டேக் பண்றது எப்படின்னு சொன்னியே, இன்னொரு தரம் காட்டு."

"யாரை?"

"அந்தக் கியோஷாவை. பாராட்டத்தான்."

ட்ரினா காட்டினாள். லுவீனியா தன் சட்டத்தைத் தானே காலில் போட்டு மிதித்தாள். வெர்டியின் எழுத்துக்குக் கீழே கியோஷாவின் பெயரைப் போட்டு, "தங்கச்சி, உன் புத்தகத்தைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு வந்து பாரும்மா" என்று ஒற்றை விரலால் அடித்து அனுப்பினாள். கியோஷாவுக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். வந்து வெர்டியை நார் நாராகக் கிழிப்பாள் என்று கணக்கு. அன்று மீனுக்கு உப்பு கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது, அவ்வளவு சந்தோஷம்.

கியோஷா மாலையில் வந்தாள். "வெர்டிம்மா, படிச்சுட்டு வண்டியை ஓரமா நிறுத்தி அழுதேன். நீங்க சொன்னது சரி. அந்தச் சிநேகிதிய நான் அம்போன்னு விட்டுட்டேன். அடுத்த புத்தகத்தை அச்சுக்கு முன்னாடி நீங்க படிச்சுக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமை நேரலைக்கு நானே வர்றேன்." அதற்குக் கீழே ஒரு வரி: "என்னைக் கூப்பிட்டுக் காட்டின லுவீனியாம்மாவுக்கு நன்றி."

நன்றியாம்! நெருப்பில் எண்ணெயை லுவீனியாவே ஊற்றி, அதற்கு ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

அதோடு நின்றதா? கிளாரிஸ் கேட்டாள்: "வெர்டியக்கா, இது உங்களுக்கே நடந்ததா?"

"நடந்தது."

"யாரு அவ?"

"பேர் சொல்ல மாட்டேன். இன்னைக்கும் என் சிநேகிதிதான். அறுநூறு டாலர், அவ்வளவுதான்."

அவ்வளவுதான், கூடம் தீப்பிடித்தது. ஜார்ஜியாவிலிருந்து ஒருத்தி, "நன்றி கெட்ட சிறுக்கி" என்றாள். இன்னொருத்தி, "அவ கை விளங்காமப் போக" என்றாள். "சர்ச்சுல முன் வரிசையில பெரிய தொப்பி போட்டு உக்காந்திருப்பா, எழுதி வச்சுக்கோங்க" என்றாள் மூன்றாவது. லுவீனியாவின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. ட்ரினாவும் விடவில்லை. "வெக்கங்கெட்டவ" என்று எழுதி, கோபத்தில் சிவந்த முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

"நீ ஏண்டி இதுல தலையிடுற?"

"பின்ன என்ன அத்தே! ஆன்ட்டி எவ்வளவு நல்லவங்க. நீயும் ஒரு வீடியோ போடு. குழுத் தலைவி சும்மா இருந்தா நல்லாவா இருக்கு?"

திட்டியதைக்கூட லுவீனியா பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. முப்பது வருஷம் எண்ணெய்ப் புகையில் நின்றவள் இவள். ஊர் முழுக்க உருகுவதோ அவளுக்கு! கடன் வாங்கி உழைத்துக் காட்டியவளுக்கு ஒரு ஹார்ட் கிடையாது. கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு மாலை மேல் மாலை.

வெள்ளிக்கிழமை கிளாரிஸ் இன்னொரு காரியம் செய்தாள். "அவ குடுக்கலேன்னா என்ன? நாம இத்தனை பேர் இருக்கோம். ஆளுக்கு அஞ்சு டாலர் என் கணக்குக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை நேரலையில நம்ம லுவீனியாக்கா கையால அறுநூறையும் வெர்டியக்காவுக்குக் குடுப்போம்!" வெர்டி மறுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. "உங்க இஷ்டம். பணம் வந்தா பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் புத்தகம் வாங்கிப் போடுவேன்" என்று மட்டும் எழுதினாள். அதற்கும் ஒரு கூடை ஹார்ட்.

ட்ரினா கல்லாவிலிருந்து கூவிக்கொண்டே இருந்தாள். "இருநூறு தாண்டியாச்சு அத்தே!" கொஞ்ச நேரம் கழித்து, "முந்நூத்தி நாப்பது!" வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தர் அங்கேயே பத்து டாலர் எடுத்து நீட்டினார்.

அன்றிரவு லுவீனியா தூங்கவில்லை. பருத்திக்காட்டில் கூலி குறைத்துக் கொடுத்தவனிடமே இவள் பல்லைக் காட்டி நின்றதில்லை. இவள் கடனை ஊரார் அஞ்சும் பத்துமாகப் பிச்சை எடுத்து அடைப்பதா? அந்தப் பணத்தை இவளே, இவள் கடையிலேயே, இத்தனை கண் பார்க்க, வெர்டி கையில் வைத்துக் கும்பிடுவதா? அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் ராணி யார்?

சனிக்கிழமை மத்தியானம் தொகை நானூற்று எண்பதைத் தொட்டது. வாசலில் வரிசை நிற்கிறது. லுவீனியா அடுப்பை அணைத்தாள்.

"அத்தே! சனிக்கிழமை!"

"போர்டைத் திருப்பிப் போடு. தலைவலி."

கல்லாவை வழித்துப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தாள். ஃபோனில் அனுப்பலாம்தான். அதில் பேரும் தேதியும் நின்றுவிடும். ரொக்கத்துக்கு வாய் கிடையாது.

வெர்டி முன்வராந்தாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தடித்த தாள்கட்டு. மேல் தாளில் கியோஷாவின் பெயரும், கீழே 'முதல் வாசகி வெர்டி கிரிம்ஸுக்கு' என்றும் இருந்தது. லுவீனியாவின் கண் முதலில் அங்கேதான் போய் விழுந்தது. ஒரு கணம், வந்த காரியத்தை விட்டு அந்தத் தாள்கட்டைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

"என்னடி, சனிக்கிழமையும் அதுவுமா? கடையில தீ கீ பிடிச்சிருச்சா?"

"நீதான் வச்சியே தீ. என்னைப் பத்தித்தானே எழுதின?"

"பேர் எழுதலியே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருஷமா வாயைத் தெறக்காதவ, ஊர் முழுக்கக் கேக்கும்போதுதான் தெறப்பியா?"

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலடி. நீயும் கேக்கல. அவங்கதான் முதல்ல கேட்டாங்க, 'உனக்கு நடந்ததா'ன்னு."

லுவீனியா படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என் கடையில எத்தனை தட்டு மீன் ஓசியில தின்னிருப்ப? கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"ஒவ்வொரு தட்டுக்கும் டிப் காசு வச்சிருக்கேன். ட்ரினாவைக் கேளு. நீ மீனைப் போட்டு என் கடனைக் கழிச்ச, நான் டிப்பைப் போட்டு உன் மீனைக் கழிச்சுட்டேன். ஆக, அறுநூறு அப்படியே நிக்குது."

"அன்னைக்கே கொண்டாந்தேன்டி! உன் வாசல்ல நீலக் கார் நின்னுது. வயிறு எரிஞ்சுது, திரும்பிட்டேன்."

வெர்டி கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தக் காரா? தவணை கட்ட முடியாம எட்டு மாசத்துலயே இழுத்துட்டுப் போயிட்டாங்க. அறுநூறு இருந்திருந்தா நின்னிருக்கும். நான் எத்தனை வருஷம் பஸ்ஸுல போனேன், நீ பாத்தியே."

பார்த்தாள்தான். பார்த்துச் சந்தோஷமும் பட்டாள். பையைத் திறந்தாள்.

"இன்னைக்கே எழுதணும். கடன் வந்துருச்சு, யாரும் பணம் அனுப்பாதீங்க, அனுப்பினதைத் திருப்பிக் குடுத்துருன்னு அந்தக் கிளாரிஸுக்கு எழுதணும். என் பேர் வரக் கூடாது."

"வராது. முதல்ல எண்ணு." வெர்டி தாள்கட்டை ஓரமாக வைத்துவிட்டு வலது கையை விரித்து நீட்டினாள். கடிதம் பிரித்துப் பிரித்துத் தேய்ந்த கை.

லுவீனியா எண்ணினாள். சோளமாவு ஒட்டிய இருபதுகள், எண்ணெய் மணக்கும் பத்துகள். ஒவ்வொன்றாய் வைத்து, வாய்விட்டு, புத்தகம் படிக்கிற மாதிரியே கூட்டி எண்ணினாள். அறுநூறு ஆனது. நிமிர்ந்தாள்.

கை மூடவில்லை.

"என்னடி?"

"அன்னைக்கு அந்தக் காசுக்கு ஒரு அடுப்பு வந்துது. இன்னைக்கு என்ன வரும்? நீதானே பெரிய கடைக்காரி, நீயே சொல்லு."

தெரு முனையில் யாரோ ஹார்ன் அடித்துக் கை காட்டினார்கள், லுவீனியாவுக்கு அல்ல, "வெர்டியக்கா!" என்று. லுவீனியா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பைக்குள் கையை விட்டாள். "இந்தா, அறுநூத்தி இருபது" என்று வைத்தாள். "அறுநூத்தி நாப்பது." கை அப்படியே விரிந்திருந்தது. "அறுநூத்தி அறுபது," என்று அடுத்த தாளைச் சற்று ஓங்கியே வைத்தாள் அந்த உள்ளங்கையில்.