பத்து மணி இரண்டு விநாடி

சிவகாமசுந்தரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்காகத்தான். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் கோவிந்தசாமியின் பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறங்கும் சாமான்களைப் பதினேழு வருடம் தரம் பிரித்தவள் அவள். ஒரு கோப்பையை எடுத்து விரல் நகத்தால் சுண்டுவாள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளிவிடுவாள். நூற்றில் தொண்ணூறு நல்லதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தாலும், ஒவ்வொன்றையும் குற்றவாளியாகவே கையில் எடுக்க வேண்டும். அந்த வேலை அப்படி.

கஷ்டம் என்னவென்றால், அந்தப் புத்தி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி கேட்டோடு நின்றுகொள்ளவில்லை. பெண்ணாடத்து வீடு வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது. கேஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டாள். பஸ் லேட் என்று கணவர் ராஜமாணிக்கம் சொன்னால், எந்த பஸ், யார் கண்டக்டர் என்று கேட்பாள். மகள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்றால், காலேஜ் இணையப் பக்கத்தில் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சந்தோஷப்படுவாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒங்கம்மா என்னையும் சுண்டித்தான் பாத்திருப்பா" என்று ராஜமாணிக்கம் மகளிடம் சொல்வார். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

நின்று நின்று முழங்கால் போனபிறகு, மூன்று வருடத்துக்கு முன் முதலாளி அவளை ஆபீஸுக்குள் உட்காரவைத்தார். டைப்பிங் தெரியும் என்பதால் கம்பெனியின் மாதக் கடிதம் அவள் தலையில் விழுந்தது. சென்னையில் வேலை பார்க்கும் முதலாளியின் மகள் சண்முகப்ரியா ஆரம்பித்து வைத்தது அது. மாதத்தின் முதல் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, நூற்றி எண்பது முகவரிகளுக்கு ஈமெயிலில் ஒரே கடிதம் போகும். சூளையிலிருந்து இறங்கிய நான்கு புதுச் சாமான்களின் படம், ஒவ்வொன்றுக்கும் விலை கேட்க ஒரு லிங்க், அந்த மாதம் சூளை எரியும் தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். சொந்தச் சூளை இல்லாத சின்னச் சின்ன ஷெட்காரர்கள் தங்கள் பச்சைச் சாமான்களை, அதாவது இன்னும் சுடாத சாமான்களை, கோவிந்தசாமியின் சூளையில் இடம் கேட்டு ஏற்றிச் சுட்டுக்கொள்வது வழக்கம். அதனால் அவர்களுக்கும் கடிதம் உண்டு.

கடிதம் எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. போன பிறகு கம்ப்யூட்டரில் வரும் அறிக்கைதான் பிடித்திருந்தது. யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எந்த லிங்க்கை அழுத்தினார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். ஊரார் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அவளுக்கு அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. "லெட்டர்ல கண்ணுக்குத் தெரியாத புள்ளி மாதிரி ஒரு படம் இருக்குது அக்கா. அது எறங்குனா, தொறந்தாங்கன்னு கணக்கு. ஆனா அத ரொம்ப நம்பாதீங்க, சில போனு தானாவே அந்தப் படத்த எறக்கிடும். லிங்க்க அழுத்துனாங்களான்னு பாருங்க. அதான் நெஜம்" என்று சண்முகப்ரியா போனில் சொல்லிக்கொடுத்தாள். சிவகாமசுந்தரி அதை நோட்டில் எழுதிவைத்தாள்: திறந்தால் நம்பாதே, அழுத்தினால் ஆள். பாதிப் பாடம்தான் அது. மீதிப் பாதியை அந்தப் பெண் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

புரட்டாசியில் போன கடிதத்தின் அறிக்கையில்தான் பாண்டியனின் பெயரைப் பார்த்தாள்.

பாண்டியன் இதே கம்பெனியில் ஒன்பது வருடம் அச்சு செய்தவன். பொம்மை, விளக்கு எதுவானாலும் முதல் உருவம் அவன் கையில்தான் பிறக்கும். இரண்டு வருடத்துக்கு முன் கூலி விஷயத்தில் முதலாளியோடு மனஸ்தாபமாகி வெளியே போனான். பின்தெருவில் தகர ஷெட் போட்டு, மனைவி தேவியை வைத்துக்கொண்டு தானே விளக்கு செய்கிறான். தேவியின் அண்ணன் அன்புச்செல்வன்தான் கோவிந்தசாமியின் சூளையைப் பார்த்துக்கொள்பவன். அதனால் மனஸ்தாபத்தையும் மீறிப் பாண்டியனுக்குச் சூளையில் இடம் கிடைத்து வந்தது. அந்த இடம் இல்லையென்றால் அவன் தொழில் வெறும் மண்தான்.

அந்தப் பாண்டியன் கடிதம் போன இரண்டாவது விநாடியில் திறந்திருந்தான். நான்கு லிங்க்கையும் அழுத்தியிருந்தான். பழைய அறிக்கைகளைத் தேடினாள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒவ்வொன்றும் பத்து மணி இரண்டு விநாடி. ஒரு நாளாவது விலை கேட்டானா என்றால், இல்லை. இவ்வளவு ஆர்வமாகப் படிப்பவன் எதற்குப் படிக்கிறான்?

அந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு யானை விளக்கைப் பார்த்தாள். தும்பிக்கை தூக்கிய யானை, முதுகில் அகல். ஆடிக் கடிதத்தில் கம்பெனி படம் போட்ட அதே யானை. யார் சரக்கு என்று கேட்டாள். பாண்டியனுடையது என்றார் கடைக்காரர். நம் கடிதத்தைப் பார்த்துத்தான் காப்பி அடிக்கிறான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. இரண்டு யானையும் ஒரே கையிலிருந்து வந்திருக்கலாம் என்று, அவன் அச்சு செய்ததை ஒன்பது வருடம் பார்த்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தவளுக்கு அந்த மாதிரி நினைப்பெல்லாம் வராது.

ஆனாலும் அவள் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவள் இல்லை. பொறி வைத்தாள். பாண்டியனுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் அனுப்பினாள். கார்த்திகைக்குப் புது மயில் விளக்கு, படம் பார்க்க இங்கே அழுத்தவும் என்று ஒரே ஒரு லிங்க். அப்படி ஒரு மயிலே கிடையாது. அனுப்பிவிட்டு அறிக்கையைத் திறந்தால், இரண்டாவது விநாடியில் அழுத்தியாகிவிட்டது.

"ஒக்காந்து காத்துக்கிட்டே இருக்கான் மொதலாளி" என்றாள் கோவிந்தசாமியிடம். "ரெண்டு செகண்டுல அழுத்துறான். டிசைன் திருடுறதுக்குத்தான்."

கோவிந்தசாமிக்குப் பழைய கோபம் மிச்சம் இருந்தது. "நான் நெனச்சேன்" என்றார். "இனிமே அவன் சரக்கு நம்ம சூளையில ஏறக்கூடாது."

கார்த்திகைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த ஷெட்டில் மூவாயிரம் பச்சை விளக்கு காய்ந்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வாயில் வேறுதான் வந்தது: "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மொதலாளி. ஒரே ஊரு, மொகத்துல முழிக்கணும்."

முதலாளி வாக்குத் தவறவில்லை. ஏன் இடம் இல்லை என்று பாண்டியன் வந்து நின்றபோது, "ஒன் வண்டவாளத்த உள்ளார இருக்கற ஆளே சொல்லிட்டாங்க, போப்பா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சிவகாமசுந்தரி தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்வனின் மகளுக்கு மஞ்சத்தண்ணி. கம்பெனி முழுக்க அழைப்பு வைத்திருந்தான். சிவகாமசுந்தரி எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு போனாள். முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. அத்தை தேவியைக் காணோம். வாசலைப் பார்த்துப் பார்த்து நேரம் கடத்திவிட்டு, கடைசியில் தூரத்துச் சொந்தத்தில் கண்ணம்மாள் என்ற ஒரு பெண்மணியை நிற்கவைத்து ஊற்றினார்கள். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் தொங்கிப்போயிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு, கம்பெனிக்காரர்கள் முகத்தில் முழிக்கப் பயந்துகொண்டு வரவில்லை என்று சிவகாமசுந்தரி முடிவு கட்டினாள். பாயசம் இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் திங்கள்கிழமை. பத்து மணிக்குக் கடிதம் போனது. பாண்டியன் விவகாரத்துக்குப் பிறகு அவள் இன்னும் உஷாராகியிருந்தாள். அறிக்கையை நேரப்படி வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். பத்து மணி இரண்டு விநாடியில் நான்கு லிங்க்கையும் அழுத்தியவர்கள் ஒருவர் இருவர் இல்லை, பதினோரு பேர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. கூட்டுச் சேர்ந்துகொண்டு செய்கிறார்கள் என்று நினைத்தாள். பேனாவை எடுத்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தாள். திட்டக்குடி மண்பாண்டக் கடை, வேப்பூர் ரோட்டு ஹோட்டல், மூன்று ஷெட்காரர்கள், அப்புறம் பாண்டியன். பதினோராவது பெயர் கோவிந்தசாமி.

கம்பெனியின் ஜிஎஸ்டி பதிவுக்குக் கொடுத்த ஈமெயில் முகவரி அது. கடிதம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அவளே பட்டியலில் சேர்த்திருந்தாள். தலையைத் தூக்கினாள். எதிர் மேஜையில் முதலாளி டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். போன் சார்ஜரில் கிடந்தது. கம்ப்யூட்டர் அவர் மேஜையில் கிடையவே கிடையாது.

"மொதலாளி, இப்ப நீங்க எதாச்சும் அழுத்துனீங்களா?"

"என்னாத்தம்மா அழுத்துறது?" என்றார் அவர், வாயில் பிஸ்கட்டோடு.

மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, கடைத்தெரு மாடியில் இருக்கும் வரி ஆபீஸுக்கு நடந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு ஜிஎஸ்டி பதிவு செய்துகொடுத்த ஆபீஸ் அது. பதிவுக்கு ஈமெயில் வேண்டும் என்றால், இல்லாதவர்களுக்கு அவர்களே ஒன்று உண்டாக்கிக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கும். கேட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை. பதினோரு பெயரையும் நீட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதெல்லாம் எங்க ஐடிதாங்க. எந்த மெயில் வந்தாலும் இங்கதான் வரும். வைரஸ் இருக்குதான்னு எங்க சாஃப்ட்வேரு ஒவ்வொரு லிங்க்கையும் தானே தொறந்து பாத்துடும். ரெண்டு செகண்டு கூட ஆகாது."

"பாண்டியன் பாக்க மாட்டாரா?"

"அவருக்கு இப்புடி ஒரு ஐடி இருக்கறதே ஞாபகம் இருக்காதுங்க."

படியில் இறங்கும்போது சிவகாமசுந்தரிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. நான்கு லிங்க்கை இரண்டு விநாடியில் எந்த மனிதன் அழுத்துவான்? முதலாளி போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, ஒரு எழுத்தைத் தடவவே பத்து விநாடி ஆகும் என்று தினம் தினம் கண்ணால் பார்க்கிறவள்தானே அவள். எவ்வளவு வேகமாக அழுத்தினானோ அவ்வளவு பெரிய திருடன் என்று நினைத்தாள். அந்த வேகமே அழுத்தியது அவன் இல்லை என்பதற்குச் சாட்சி.

நேரே முதலாளியிடம் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "சரி வுடும்மா, அவனுக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்" என்றார்.

"அவர் அழுத்துனதுக்குத்தான் இடத்த நிறுத்துனீங்கன்னா, நீங்களும்தான் அழுத்தியிருக்கீங்க" என்று அறிக்கைத் தாளை அவர் முன் வைத்தாள். "ஒங்க பேரும் இருக்குது, பாருங்க. இன்னைக்கு ஏத்துனாத்தான் கார்த்திகைக்குக் கடைக்குப் போவும். இல்லன்னா இந்தத் தாள நானே எல்லாருக்கும் அனுப்பிடுவேன்."

இருபது வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கோவிந்தசாமி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏத்தச் சொல்லு" என்று டம்ளரை நகர்த்தினார்.

பின்தெருவுக்கு அவள் கிட்டத்தட்ட ஓடினாள். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை. ஷெட்டுக்குள் பலகை பலகையாகப் பச்சை விளக்குகள் அடுக்கியிருந்தன. பாண்டியன் மழைச் சாரல் படாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தேவி ஈரத் துணியால் விளக்கின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மொதலாளி இடம் குடுத்துட்டாரு. இன்னைக்கே ஏத்தலாம்."

பாண்டியன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். சிரிப்பு வந்தது அவனுக்கு. பத்து நாளாகச் சிரிக்காத முகம். "நீங்க பேசுனீங்களா அக்கா? அந்தக் கம்பெனியில எங்களுக்காகப் பேச ஒருத்தர் இருக்கீங்களே."

அதோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. "நான்தான் பேசுனேன்" என்றாள். "மொதல்ல ஒங்களப் பத்தித் தப்பா சொன்னதும் நான்தான். மெஷின் அழுத்துனத நீங்க அழுத்துனீங்கன்னு நெனச்சுட்டேன். மொதலாளி சொன்னாரே உள்ளார இருக்கற ஆளுன்னு, அது நான்தான்."

தேவியின் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

"அப்ப எங்கண்ணன் சொல்லலையா?" என்றாள் தேவி.

"அவருக்கு இது எதுவுமே தெரியாதும்மா."

பாண்டியன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல், சூளை இருக்கும் பக்கம் வேகமாக நடந்தான். தேவி எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த விளக்கை இறக்கிவைக்கவும் இல்லை.

"உள்ளார இருக்கற ஆளுன்னா எங்கண்ணன்தானேன்னு நெனச்சோம்" என்றாள். அழவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "நேத்து அந்தப் பொண்ணு மணையில ஒக்காந்துக்கிட்டு மூணு தரம் போன் பண்ணுச்சு அக்கா. நீ வந்து ஊத்துனாத்தான் எந்திரிப்பேன் அத்தைன்னு. நான் எடுத்துக் கேட்டுட்டு, பதில் சொல்லாம வச்சுட்டேன்."