அப்பாவின் போர்ஷேக்கு அடித்த சிவப்பு

தன் பழைய போர்ஷே காரைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள அப்பாவுக்குத் தெரியவில்லை என்றே வீட்டில் நம்பினோம். அவர் டெல்லியிலிருந்து மதுரைக்குப் போயிருந்தபோது, அண்ணனும் நானும் அதன் மங்கிய பெயிண்டைச் சுரண்டி, புதுச் சிவப்பு அடிக்கவைத்தோம். திரும்பி வந்தவர் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு டெல்லியின் பழங்கார் கண்காட்சிக்கு அதை ஓட்டிப் போனார்.

அங்கே பழங்கார் ரசிகரான ஒரு தமிழர் எல்லோர் முன்னும் கத்தினார். "ஐயோ, காரைச் செஞ்சப்பவே ஜெர்மனியில அடிச்ச பெயிண்ட் சார் அது! போனா திரும்ப வருமா? எந்த மடையன் சுரண்டினான்?"

"நான்தான் சார். புத்தி கெட்டுப்போச்சு," என்றார் அப்பா.

அவரை அதட்ட இந்த மனிதருக்கு என்ன உரிமை என்று கொதித்தேன். பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத என்மேல்தான் அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். டெல்லி ஜனக்புரி வீட்டில் அந்தச் சிவப்புக் காரும் நானும் இருக்கிறோம்.