வலிக்காத காலில் மாட்டிய நீ-கேப்

முதலில் சத்தம்தான் கேட்டது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எழும்பி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வலது முழங்காலுக்குள் கரும்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. விளையாட்டு விடுதியை விட்டு வெளியேறவும் அதே இரண்டு மாதம்தான்.

எட்டாம் வகுப்பில் என் உயரத்தைப் பார்த்துத்தான் விடுதிக்கு எடுத்தார்கள். திருமானூர் பக்கம் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊரில் அதற்கு முன் கூடைப்பந்து வளையத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஐந்து வருடம் காலையும் மாலையும் பந்துதான். மாநில அணிக்கும் ஆடினேன். பிளஸ் டூ முடி, ரயில்வே அணித் தேர்வுக்குப் போ, வேலை கிடைத்துவிடும் என்று விடுதியில் எல்லோருக்கும் ஒரே வழியைச் சொன்னார்கள். அந்த வழி அடைபட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் இப்போது அப்படி ஒரு விடுதியில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள்.

விடுதியில் சீனியர் அக்காக்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. நீ-கேப்பை (முழங்காலை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை) அடிபட்ட காலில் மாட்டக் கூடாது, நல்ல காலில்தான் மாட்ட வேண்டும். உறையைப் பார்த்ததும் எதிரணிக்காரி அந்தப் பக்கமாக வந்துதான் இடிப்பாள். நல்ல கால் அதைத் தாங்கிக்கொள்ளும். நானும் பயிற்சியாளரிடம் சுளுக்கு என்று சமாளித்தேன். வீக்கம் கொஞ்சம் வற்றியதும் இடது காலில் உறையை மாட்டிக்கொண்டேன்.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்ததும் அப்பா என்னை உடையார்பாளையம் பக்கம் கட்டுப் போடும் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வீக்கம் போயிருந்தது. தொடையும் பாதியாக இளைத்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நேராக நடந்தால் வலிக்கவில்லை. திடீரென்று திரும்பினால் மட்டும் முழங்கால் நழுவுவது போல் இருக்கும். குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன், இல்லை, நம்ப ஆசைப்பட்டேன்.

ரயில்வே தேர்வின் முதல் நாள் உடல் பரிசோதனை. டாக்டர் என் இடது காலில் இருந்த உறையைப் பார்த்தார். அதைக் கழற்றச் சொல்லி, அந்த முழங்காலை மடக்கினார், நீட்டினார், இழுத்துப் பார்த்தார். நல்லா இருக்கே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் வாயே திறக்கவில்லை. அவரை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் ஆட்டத்தில், பந்தைத் தட்டிக்கொண்டு போய் வளையத்தை நோக்கித் திரும்பினேன். வலது கால் விட்டுவிட்டது. விழுந்த பிறகு முழங்காலை நீட்டவே முடியவில்லை. பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஏ.சி.எல். (முழங்காலுக்குள் குறுக்காக ஓடி எலும்புகளைப் பிடித்து வைக்கும் தசைநார்) முன்பே முழுதாக அறுந்திருந்தது. இப்போது மெனிஸ்கஸும் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருந்தது.

"முதல்ல அடிபட்டப்பவே வந்திருந்தா மெனிஸ்கஸ் தப்பிச்சிருக்கும்மா. நடுவுல ஆடுனியா?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். உறை விஷயத்தை அன்றுதான் அவரிடம் சொன்னேன்.

தொடையின் பின்பக்கத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து, அறுந்த இடத்தில் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்னொரு முறை இதே கால் திரும்பினால் நாற்பது வயதுக்குள் நடப்பதே சிரமமாகிவிடும் என்று டாக்டர் அப்பாவிடமும் என்னிடமும் சேர்த்தே சொன்னார். அதன்பின் பிசியோதெரபி (பயிற்சிகளால் செய்யும் இயன்முறை மருத்துவம்). கொள்ளிட மணலைப் பையில் கட்டிக் கணுக்காலில் மாட்டி, காலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க அழுதால் முழங்கால் ஒரு விரற்கடை கூடுதலாக மடங்கும். இந்தச் சிகிச்சை செய்துகொண்டால் உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். மற்றவர்கள் வேகமாகத் தேறுவதாகத் தோன்றும், ஆத்திரம் ஆத்திரமாக வரும். என்னோடு ஆடியவள் ரயில்வே பனியனில் எடுத்த படத்தை அனுப்பியபோது நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

முழங்கால் மெதுவாகத் தேறியது, விளையாட்டுச் சான்றிதழ்களோ வேகமாகப் பழசாயின. வேலைக்கு அண்மை வருடங்களின் சான்றிதழ்தான் வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தில் சொந்த மாவட்டம் அரியலூர் என்று ஒரு வருடம் எழுதினேன், மறு வருடம் பெரம்பலூர் என்று எழுதினேன். மாவட்டத்தைப் பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், நான் மட்டும் அதே கட்டிலில் மணல்பையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். வழி கேட்டு விடுதிக்குப் போன் செய்தேன். புதுப் பிள்ளைகள் வந்துவிட்டதாகவும், என் பெயர் நினைவிருப்பதாகவும் சொன்னார்கள். பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சான்றிதழ் செல்லும் கடைசி வருடத்தில் ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுத்தார்கள். பந்து போட்டுக் காட்டியதில் தேறிவிட்டேன். பரிசோதனை அறைக்கு வெளியே நடைபாதையில் அப்பா என் பக்கமாகக் குனிந்தார்.

"இடது கால்ல மாட்டிக்கம்மா. போன தடவ கேக்கலேல்ல" என்றார்.

அப்பாவா இப்படிச் சொல்கிறார் என்று கோபம் வந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். என் சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும், அவருக்கு என்னைவிட வேண்டும். உறையை எடுத்தேன். வலது காலில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் உறையை இறக்கினார், தழும்பைப் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆடத் தகுதியில்லை என்று எழுதினார்.

திரும்பும் பேருந்தில் அப்பா, "ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"அப்புறம் நீங்கதான்ப்பா என்னத் தூக்கிக்கிட்டுத் திரியணும்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.

இப்போது 2007. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறேன். இவ்வளவு உயரமா என்று ஓட்டுநர்கள் கேட்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஐந்து வருட உழைப்பில் மிஞ்சியது இந்த உயரம்தானா என்று தோன்றும் நாட்கள் உண்டு. அந்தக் கோபம் தணியவில்லை, தணிந்ததாக உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

பந்து கைக்கு வந்தால் முப்பது நொடிக்குள் (அப்போது அதுதான் விதி) வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். இப்போது பேருந்திலிருந்து இறங்கவே அதில் பாதி ஆகிறது. வலது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, பிறகுதான் இடது கால். உறையைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டுகிறேன், வலது காலில். அதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இதுவரை ஒருவர்கூட அந்தப் பக்கமாக வந்து இடித்ததில்லை.