கனகம் சோதித்த மாப்பிள்ளைகள்

கனகம் மவுஸை மல்லாத்திப் போட்டு அதன் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தாள். மூடியைத் திருகியதும் ரப்பர் உருண்டை உள்ளங்கையில் விழுந்தது. அதை ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே உருளைகளில் வளையம் வளையமாகச் சுற்றியிருந்த அழுக்கை ஊக்கு முனையால் சுரண்டினாள். பீளமேட்டில் மில்லுகளுக்கு நடுவே ஆபீஸ் வைத்தால் மவுஸுக்கும் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும். மூக்கடைத்த குழந்தையைப் போல அது பாதி வழியில் நின்றுவிடும்.

"கஸ்டமர் வர்ற நேரத்துலதான் அதை அறுத்துப் போடோணுமா?" என்றார் பாலகோபால்.

"வந்தப்புறம் நின்னு போச்சுன்னா உங்களைத்தானுங்க சார் பார்ப்பாரு" என்றாள், தலையைத் தூக்காமல்.

பாலகோபால் பம்புசெட் கடைக்கு மேல்மாடியில் மென்பொருள் கம்பெனி நடத்தினார். தொண்ணூற்றேழில் அந்தத் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர்கள் வழி தவறி மேலே வந்து, ஃபேன் காற்றில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். விவரங்களைச் சேர்த்து வைத்து, கேட்ட கேள்விக்குத் தேடிக் கொடுக்கும் டேட்டாபேஸ் ஒன்றை அவர் முழுக்கத் தன் கையாலேயே எழுதியிருந்தார். வெளிநாட்டு டேட்டாபேஸ் கடையிலேயே கிடைக்கும்போது இது எதற்கு என்று அவர் மனைவி ஒருத்தி மட்டும் கேட்டாள். இன்னும் பதில் வரவில்லை.

அவர் எழுதியதை உடைத்துப் பார்ப்பது கனகத்தின் வேலை. டெஸ்டிங் என்று பேர். பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு, கம்ப்யூட்டர் டிப்ளமா ஒன்று முடித்தவள். வயது இருபத்தாறு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஓர எல்லை என்றால் சந்தேகம் வந்துவிடும். போத்தனூர் வரைக்கும் இந்த டிக்கெட் செல்லும் என்று கண்டக்டர் சொன்னால், போத்தனூரில் இறங்கலாமா, அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட வேண்டுமா என்று கேட்பாள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தால், பதினைந்து உள்ளேயா வெளியேயா என்று எழுந்து நிற்பாள். வாத்தியார்கள் அவளை உட்காரச் சொல்லியே ஓய்ந்துபோனார்கள். இப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டிக்கொண்டு போவார்கள் என்று அம்மா கவலைப்பட்டாள். கட்டிக்கொள்ள ஆள் வருவதற்குள் சம்பளம் கொடுக்க பாலகோபால் வந்துவிட்டார்.

ஆனால் கம்பெனிக்கு இருந்த வாடிக்கையாளர் ஒரே ஒருத்தர். ராம்நகரில் நாயுடு வீடுகளுக்குத் திருமணத் தகவல் நிலையம் நடத்தும் கோபாலசாமி. அவர் வேண்டாம் என்றால் மேல்மாடியை மோட்டார் கடைக்காரரே எடுத்துக்கொண்டு குடோன் ஆக்கிவிடுவார். அப்புறம் கனகத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காபித் தட்டு தூக்குவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அப்பா அதை மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார்: "அந்தக் கம்பெனி இருக்கற வரைக்கும் போய்ட்டு வா. மூடிட்டா ஊட்டுல இரு."

கோபாலசாமிக்கு வேண்டியது மூன்றே வகைக் கேள்விகள். படிப்பு இந்த இந்தப் பட்டங்களில் ஒன்றா? அதற்கு "இன்" என்று பேர். வீட்டுப் பெயர் இந்த இந்தப் பெயர்களில் எதுவும் இல்லைதானே? அது "நாட் இன்". வயது, உயரம் இங்கிருந்து அங்கு வரைக்குமா? அது "பிட்வீன்". தெலுங்கு பேசும் நாயுடு வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு வீட்டுப் பெயர் உண்டு. ஒரே வீட்டுப் பெயர் என்றால் முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை. ஆகவே மாப்பிள்ளை தேடும்போது முதலில் கழிக்க வேண்டியது அதைத்தான்.

சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமே. கனகம் தன் சொந்தக்காரர்களையே உள்ளே ஏற்றினாள். தாராபுரத்துப் பெரியப்பா ஐந்தடி எட்டு அங்குலம் என்று சொல்லிக்கொள்வார், அளந்தால் ஐந்தடி ஆறுதான். அவரை எல்லைக்கு உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, சரியாக எல்லை மேலே ஒரு தடவை நிறுத்தினாள். எல்லை மேல் நின்றவரை பிட்வீன் உள்ளே சேர்த்துக்கொண்டது. நல்லது. வயதைத் தலைகீழாக, முப்பதிலிருந்து இருபத்தாறு வரை என்று கேட்டால் ஒருத்தரும் வரவில்லை. பெரிய எண்ணை முன்னால் போட்டால் அப்படித்தான், அது விதி என்றார் பாலகோபால். சரி என்று விட்டாள்.

அடுத்தபடியாக நாட் இன். பெயர்களை நிரப்பத் திரையில் அதற்கு மூன்று கட்டங்கள். தன் வீட்டுக்கே மாப்பிள்ளை தேடுவது போலக் கழிக்க வேண்டிய பெயர்களை அம்மாவிடம் கேட்டாள். அம்மா இரண்டைச் சொன்னாள். மூன்றாவதுக்கு வாயைத் திறக்காமல் தெற்குப் பக்கம் கையை மட்டும் காட்டினாள். ஏதோ ஒரு சீமந்தத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் உச்சரிப்பதில்லை. "அதை நீயே புரிஞ்சுக்க. அப்படியே அந்த மெஷின்ல உனக்கு எவனாச்சும் வர்றானான்னும் பாரு" என்றாள்.

கனகம் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடினாள். பூஜ்யம். சொந்தக்காரர், ஊர்க்காரர், கற்பனைக்காரர் ஒருத்தரும் இல்லை. அந்தப் பூஜ்யம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை ரசித்துவிட்டுத்தான் பாலகோபாலைக் கூப்பிட்டாள்.

"அது தப்பு இல்ல கனகம்" என்றார் அவர். "காலின்னா தெரியாதுன்னு அர்த்தம். இந்தப் பையன் முதல் வீடு இல்லை, சரி. ரெண்டாவதும் இல்லை, சரி. மூணாவது எதுன்னே தெரியாதப்ப, அது இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்றது? தெரியாததை இல்லைன்னு எடுத்துக்கக் கூடாது. அதனால எல்லாரையும் நிறுத்தி வெச்சுருது. உலகம் பூராவும் விதி இதுதான்."

"விதி சரிங்க சார். கோபாலசாமி அப்படி இல்லீங்களே. காலியா விட்டுப்போட்டுப் பூஜ்யத்தைப் பார்த்து மயங்கி விழுந்தா, தண்ணி தெளிக்கறது நானாக்கும்."

"மாப்பிள்ளை தேடறவன் எவனாச்சும் பேரைக் காலியா விடுவானா?"

"எங்கம்மா விட்டாங்க."

"உங்கம்மா கஸ்டமர் இல்ல" என்று முடித்துவிட்டார்.

இது புதன்கிழமை நடந்தது. இன்று வெள்ளி. மவுஸின் மூடியைத் திருகி முடிக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சத்தம் பாதிப் படியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் கோபாலசாமியும் அவர் மகள் மேக்னாவும் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு வரைக்கும். சுவர்க் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டியது.

"உள்ள வாங்க, மணி ஆயிருச்சுங்களே" என்றார் பாலகோபால்.

"ஆயிருச்சுங்க. அந்த ஒரு நிமிஷமும் கழியட்டுமுங்க."

"பார்த்தீங்களா சார், அவருக்கும் ரெண்டு முனையும் உள்ளதான்" என்று கனகம் மெல்லச் சொன்னாள். பாலகோபால் முறைத்தார்.

முள் நகர்ந்ததும் கோபாலசாமி வலது காலை வைத்து உள்ளே வந்தார். முதல் தேடல் தன் மகளுக்குத்தான் என்றார். மேக்னாவுக்கு மேலே படிக்க ஆசை. அப்பாவின் பின்னால் உட்கார்ந்து துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். படிப்பைச் சொன்னார், வயதைச் சொன்னார், உயரம் சொன்னார். கழிக்க வேண்டிய வீட்டுப் பெயர்களுக்குச் "சிந்தலவாரு, பொம்மனவாரு" என்று சொல்லி நிறுத்தினார். அப்புறம் மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டு, "இது அவுங்க" என்றார்.

"எவங்க?" என்றார் பாலகோபால்.

"அவுங்கதானுங்க. தெரியாதா உங்களுக்கு? சும்மா உடுங்க, அது அப்படியே இருக்கட்டும்."

கனகம் பாலகோபாலைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். தேடு என்ற பொத்தானை அழுத்தினார். பூஜ்யம்.

"வயசை நாலு வருஷம் கூட்டிப் பார்க்கலாமுங்க" என்று தொண்டையைச் செருமினார் பாலகோபால். பூஜ்யம். நாற்பது வரைக்கும் போனார். அறுபது வரைக்கும் போனார். உயரத்தை மூன்றடியிலிருந்து ஏழடி வரைக்கும் விரித்தார். படிப்பே வேண்டாம் என்றார். கோயமுத்தூர் ஜில்லாவில் ஆண்வாடையே அற்றுப்போனது போலப் பூஜ்யம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கோபாலசாமியின் உதடு வெளுத்தது. "என்ற பொண்ணுக்குப் பையனே பொறக்கலீங்களா? நேத்துக்கூட நானே நிறையப் பேரை இதுல ஏத்திக் குடுத்தனே!"

"மெஷினே சொல்லிருச்சுங்கப்பா, உடுங்க. எம்.எஸ்சி. சேர்த்திடுங்க" என்றாள் மேக்னா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"வாயை மூடு கண்ணு!"

கனகம் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க பொண்ணு மேல குத்தம் இல்லீங்க. இந்தக் காலிக் கட்டம்தான் எல்லாரையும் வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்குது. பேரைச் சொன்னா அவங்களை மட்டும் கழிச்சுப்போட்டு மத்தவங்களை உட்ரும். இல்லைன்னா கட்டத்தையே எடுத்துரலாம்."

"எடுத்தா அவுங்க ஊட்டுப் பையனும் வந்துருவானே!"

"வருவானுங்க."

"பேரைச் சொல்ல முடியாது அம்மணி. என்ற கல்யாணத்துலயே எங்கப்பனுக்குப் பந்தியில இலை போட உடாம எழுப்பிப்போட்டாங்க. அன்னைக்கு அவரு காமாட்சி வெளக்கு முன்னால நின்னு சொன்னது. எங்க ஊட்டு வாயில அந்தப் பேரு வரக் கூடாது."

"வாயிலதானுங்களே?" என்றாள் மேக்னா. "டைப் அடிச்சா?"

கோபாலசாமி யோசித்தார். விளக்கு முன்னால் நின்றவர் கீபோர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அடிச்சுத் தொலை. நான் பார்க்கலை" என்றார். மேக்னா சட்சட்டென்று எழுத்துகளைத் தட்டினாள். பெயர் தெரியாதவள் தட்டுகிற வேகமாக அது இல்லை. பொத்தானை அழுத்தியதும் திரை நிறைய மாப்பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். "வந்துட்டாங்களா?" என்று கண்ணைத் திறந்த கோபாலசாமிக்கு மூச்சு திரும்பி வந்தது. குறுக்கே வாயைக் கொடுத்து வழி சொன்ன மேக்னாவுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

பாலகோபால் ஒப்பந்தப் பேப்பரை நீட்டினார். "அப்புறம் கையெழுத்துங்க..."

இங்கே பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுபம். கனகத்துக்கும் அது தெரியும். காபித் தட்டு கண் முன்னால் வந்துதான் போனது. ஆனால் புண்ணுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டி ஆளை வீட்டுக்கு அனுப்புவது அவளால் ஆகிற காரியமில்லை.

"இது இன்னும் ரெடி ஆகலீங்க" என்றாள்.

பாலகோபாலின் காது சிவந்தது. கோபாலசாமி பேனாவைத் திறந்தபடியே நின்றார்.

"உங்க பொண்ணு கூட இருந்து அடிச்சுக் குடுத்துருச்சுங்க. உங்க ஆபீஸுக்கு வர்றவங்க கூட யாரு இருப்பாங்க? எங்கம்மாகூட ஒரு கட்டத்தைக் காலியா உட்டாங்க. உங்ககிட்ட வர்ற வீடுகள்ல இப்படிப் பேர் சொல்லாத வீடு இருக்குதுங்களா இல்லீங்களா?"

கோபாலசாமி பேனாவை மூடினார். "இல்லாத ஊடு எது அம்மணி? ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்குது. பூஜ்யத்தைக் காட்டினா என்ற ஆபீஸைக் கொளுத்திப்போடுவாங்க." பாலகோபால் பக்கம் திரும்பினார். "காலியா இருந்தா மெஷினு வாயைத் திறந்து கேக்கோணுமுங்க. அதைப் பண்ணிட்டு திங்கக்கிழமை கூப்பிடுங்க. ராகுகாலம் கழிச்சு."

அவர்கள் இறங்கிப் போனார்கள். மேக்னா போகிற போக்கில், "காலியாவே உட்ருக்கலாமேக்கா" என்று கனகத்தின் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

பாலகோபால் கையெழுத்தாகாத பேப்பரை மடித்து மேஜைக்குள் போட்டார். "கஸ்டமர் முன்னாடி என்னைக் கவுத்துப்போட்டியே" என்றார்.

"புதன்கிழமையே தனியாத்தானுங்க சார் சொன்னேன்."

ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதில் வரவில்லை என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம். தெரியாததை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே விதி சொல்லியிருக்கிறார். ஆகவே மறுநாள் காலையில் கனகம் வழக்கம்போலப் படியேறினாள்.

பாலகோபால் அவளுக்கு முன்பே வந்திருந்தார். சட்டை நேற்றுப் போட்டது இல்லை, வீட்டுக்குப் போய்த்தான் வந்திருக்கிறார். அது வரைக்கும் நல்லது. "ஓட்டிப் பாரு" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவள் அம்மா சொன்ன இரண்டு பெயர்களைப் போட்டு மூன்றாவதைக் காலியாக விட்டாள். திரை நின்று கேட்டது: ஒரு கட்டம் காலி, நிரப்புகிறீர்களா, நீக்கட்டுமா? நீக்கச் சொன்னாள். மாப்பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். சரியாக இருந்தது. பிறகு மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு, மூன்றையும் நீக்கச் சொன்னாள். மெஷின் விக்கி நின்றுபோனது.

"ஏனுங்க சார், விழுந்துருச்சுங்க!"

"அதுக்குள்ளயா?" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் பாலகோபால். மதியத்துக்குள் அதையும் சரி பண்ணினார்.

அவர் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் கனகம் இன்னொரு தடவை தனக்கு மாப்பிள்ளை தேடினாள். மூன்று கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பினாள். வயதை மட்டும் முப்பதிலிருந்து இருபத்தாறு வரை என்று பெரிய எண்ணை முன்னால் போட்டுக் கேட்டாள். பூஜ்யம் வந்தது. விதிப்படி வந்த பூஜ்யம், யாரும் குறை சொல்ல முடியாது. அதை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று அச்செடுத்து, ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழித்து, அம்மாவிடம் காட்டுவதற்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.